பிள்ளைக்குக் கேட்ட துணி

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அப்படித்தான். பிரசவ வார்டின் பச்சைச் சுவரில் யாரோ மருந்துக் கையைத் துடைத்த தடம் ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிள்ளை மாடியில் கிடந்தது. மாதம் நிறையாமல் பிறந்த பெண் பிள்ளை, என் முழங்கை நீளம்கூட இல்லை. மூக்கில் குழாய், தலைக்கு மேல் சூடு தருகிற விளக்கு.

அக்காவுக்கு இது மூன்றாவது. முதல் பிள்ளை வயிற்றிலேயே போனது. இரண்டாவது பிறந்து, ஒரு வாரம்கூட நிறையாமல், அவள் மடியில் இருந்தபோதே போனது. தூங்குகிறது என்று நினைத்து அவள் வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவதை அவள் தொடவில்லை. மாடிக்கு வரவும் இல்லை.

மேலே இருந்த நர்ஸம்மா கண்டிப்பானவர். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இத பாரும்மா. பால் வங்கியில இருந்து வாங்கிக் குடுத்துட்டு இருக்கோம். எத்தனை நாளைக்கு? உங்க அக்காவுக்குப் பால் வத்திப்போச்சுன்னா திரும்ப வராது. பெத்தவ நெஞ்சுல வெச்சு அணைச்சுக்கணும், அந்தச் சூட்டுலதான் இதெல்லாம் தேறும். எடை ஏறவே இல்ல. இன்னிக்கு இன்னும் இறங்கியிருக்கு."

நானும் அம்மாவும் மாற்றி மாற்றி அணைத்துப் பார்த்தோம். நாற்காலியில் சாய்ந்து, நெஞ்சைத் திறந்து, பிள்ளையை மேலே போட்டுத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். பல்லி ஒட்டிக்கொண்டிருப்பது போல என்மேல் ஒட்டிக் கிடந்தது. வாயைத் திறந்து தேடியது. என்னிடம் என்ன இருக்கிறது கொடுக்க?

கீழே வந்து அக்காவின் முதுகைப் பார்த்துச் சொன்னேன். "உன்னைத்தான் தேடுது. ஒருவாட்டி வா."

"நான் தொட்டா போயிடும்."

"அறிவில்லாம பேசாத."

"அறிவு உனக்குத்தான் நெறைய கீதே. நீயே வெச்சிக்கோ."

அம்மா என் கையைக் கிள்ளினாள். பிறகு அக்கா சுவரிடமே சொன்னாள்:

"ஊர்த்துணி கொண்டா. எங்க தெருவுல ஊடு ஊடா கேட்டு வாங்கினு வா. ஒட்டுப் போட்டுத் தெச்சு எடுத்தா. அதுல சுத்திக் குடுத்தா வாங்கிக்கிறேன். நம்ம ஊட்டுத் துணி ஒண்ணும் வேணாம். இல்லன்னா அது அங்கயே கெடக்கட்டும்."

எங்கள் பக்கம் இந்த வழக்கம் உண்டு. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறப்பதை அந்த வீட்டுப் பிள்ளையாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள். குப்பைமேட்டில் போட்டு எடுப்பார்கள். பல வீடுகளில் துணி பிச்சை கேட்டு, ஒட்டுப்போட்டு, அதில் பிள்ளையைச் சுற்றுவார்கள். கொண்டுபோக வருவது எதுவோ, அது பார்த்தால் இது யார் வீட்டுப் பிள்ளை என்று அதற்குப் புரியக்கூடாது. சிறு வயதில் அம்மா சொல்லக் கேட்டதை அக்கா மனதில் வைத்திருக்கிறாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கவேண்டும். அக்கா வீட்டுக்காரர் வெளியூருக்கு லாரி ஓட்டுகிறவர், இன்னும் வந்து சேரவில்லை. நான்தான் போகவேண்டும்.

நான் யாரிடமும் எதையும் கேட்காதவள். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். ஆடை வடிவமைப்பில் பட்டம் வாங்கினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் சாம்பிள் பிரிவில் வேலை. அதே எஸ்டேட்டில் இன்னொரு கம்பெனியில் அம்மா தரையில் உட்கார்ந்து பிசிறு நூல் வெட்டி என்னைப் படிக்க வைத்தாள். கழுத்தில் கம்பெனி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆவடி பஸ் ஏறும்போது எனக்கு ஒரு திமிர் உண்டு. அதை நான் உழைத்துச் சம்பாதித்தேன். கல்லூரியில் நூல் தீர்ந்தால்கூடப் பக்கத்து மேஜையில் கேட்கமாட்டேன், கடைக்குப் போவேன். அப்படிப்பட்டவள் பிச்சை கேட்கப் போனேன்.

அக்கா வாழ்கிற தெரு பூந்தமல்லியில், மசூதிக்குப் பின்னால். பாதி முஸ்லிம் வீடுகள், பாதி மற்ற எல்லோரும். அவள் வீட்டுக்குப் பக்கத்துப் போர்ஷனில் இருந்தவர் மாலையில் தெருமுனையில் போண்டா போடுகிறவர், தெருவுக்கே போண்டா அக்கா. முதலில் அவர் வாசலில்தான் நின்றேன். செருப்பைக் கழற்றினேன், மறுபடி போட்டுக்கொண்டேன்.

"இன்னாம்மா, படிச்ச பொண்ணு, வந்த கால்லயே நிக்கற?"

"அக்கா... பிள்ளைக்கு... ஒரு துணி குடுங்க. ஒட்டுப்போட்டுத் தைக்கணும்."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், பீரோவைத் திறந்து, மடிப்புக் கலையாத ஜாக்கெட் பிட் ஒன்றை எடுத்துவந்தார். மஞ்சள் நிறம். "நல்லதா எடுத்துக்கோ. கொழந்தைக்குக் கிழிசலா குடுப்பாங்க?"

அடுத்த வீட்டிலும் ஜாக்கெட் பிட். அதற்கடுத்தும். வளைகாப்பு, கிரகப்பிரவேசம், நவராத்திரி என்று தாம்பூலப் பையில் வந்து, எந்தக் கையிலும் தங்காமல் வீடு வீடாகச் சுற்றுகிற துணிகள். தையல்காரர் பாய் வீட்டில் அவர் மனைவி இரண்டு பிட் கொடுத்தார். "துஆ செய்றோம்மா. பெத்தவள அழ வேணாம்னு சொல்லு." வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி நடந்தேன். என் கைப்பை நிறைந்தது.

வெள்ளானூரில் எங்கள் வீட்டுக்கு வந்து துணிகளைப் பாயில் பரப்பியபோது, வெட்கப்பட வேண்டிய ஒரு சந்தோஷம் எனக்கு வந்தது. எல்லாம் பருத்தி. எல்லாம் வெற்று நிறம். மஞ்சள், மருதாணிப் பச்சை, ஊதா, செங்கல். ஒட்டுத்துணி வேலையில் இதைவிட நல்ல சரக்குக் கிடைக்காது.

என்ன வடிவம் என்று யோசித்தேன். ஒன்பது கட்டம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை. நடுவில் ஒரு சதுரம் வைத்து, சுற்றிச் சுற்றிப் பட்டிகளை ஏற்றிக் கட்டுகிற முறை எளிது, சீக்கிரம் முடியும். ஆனால் என் கை எட்டு முனை நட்சத்திரத்துக்குப் போனது. அதில் ஒவ்வொரு வைர வடிவத் துண்டுக்கும் இழைக்குச் சாய்வாக, கிராஸில் வெட்டிய ஓரம் வரும். கிராஸ் ஓரம் இழுத்தால் நீளும். கொஞ்சம் நீண்டாலும் எட்டு முனையும் சேருகிற நடு இடம் கூடாரம் போலத் தூக்கிக்கொள்ளும். கஞ்சி போட்டு விறைப்பாக்கி, கால் அங்குல ஓரம் பிசகாமல் தைத்து, ஒவ்வொரு தையலையும் ஒரே திசையில் மடித்து இஸ்திரி போட்டேன். எட்டு முனைகளும் ஊசிமுனை அளவு இடத்தில் வந்து உட்கார்ந்தன. தடவிப் பார்த்தேன். தட்டையாக இருந்தது. என் கல்லூரியில் யாருக்கும் அப்படி வந்ததில்லை. கஞ்சி போகக் கொதிக்கவைத்து, காயவைத்து, பின்னால் மல்துணி கொடுத்து முடித்தேன்.

இதைப் பார்த்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டு மின்சார ரயிலில் போனேன்.

அக்கா ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். விரலால் ஒரு முனையைத் தொட்டாள்.

"எந்தக் கடையில வாங்கன?"

"கடையா? ஊடு ஊடா கேட்டேன்டி. உங்க தெருவுல. நான். கேட்டேன்."

"இது ஜாக்கெட் பிட்டு."

"அவங்க குடுத்ததுதான்."

"எந்தப் பிட்டு யாரு குடுத்தது?"

நான் மஞ்சளைக் காட்டி ஆரம்பித்தேன். பச்சையில் தடுமாறினேன். ஒவ்வொரு துணியையும் பல வைரங்களாக வெட்டிப் பல இடத்தில் வைத்திருந்தேன். அழகு அதில்தான் இருந்தது. யார் வீட்டுத் துணி எது என்று எனக்கே தெரியவில்லை.

"யாரும் கட்டாத துணி," என்றாள் அக்கா. "போன வருஷம் நான் குடுத்த பிட்டே இதுல இருக்கும். யாரை ஏமாத்தறே?" மறுபடி சுவருக்குத் திரும்பிக்கொண்டாள்.

அவள் தோளைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. அம்மா என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். "இன்னிக்கும் எறங்கிகீதாம். நர்ஸு சொன்னாங்க." அம்மாவுக்கு அழுகை வரவில்லை. அவள் கண் இருந்த விதத்துக்கு அழுதிருந்தாலே பரவாயில்லை. "போடி. மறுபடி போ. கட்டுன துணியா கேளு."

"ஒருவாட்டி கேட்டதே..."

"போடி."

பூந்தமல்லி பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். உட்கார்ந்தால் எழமாட்டேன் என்று பயம்.

கட்டின துணியைக் கேட்பது வேறு விஷயம் என்பதை முதல் வாசலிலேயே புரிந்துகொண்டேன். அந்த வீட்டு அம்மா கதவைப் பாதி சாத்தினார்.

"நேத்துதானே குடுத்தேன்?"

"அது புதுசும்மா. நீங்க கட்டுனது ஏதாவது... பழசா இருந்தாலும்..."

"உடம்புல போட்ட துணிய எதுக்குக் கேக்கற? இன்னா செய்யப் போற அதை வெச்சு?"

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஒருவர் உடுத்திய துணி கையில் கிடைத்தால் அதை வைத்து அவருக்குச் செய்வினை செய்யலாம் என்று பயம். தலைமுடி, காலடி மண், உடுத்திய துணி, இந்த மூன்றையும் யாரும் யாரிடமும் கொடுக்கமாட்டார்கள். பட்டம் வாங்கின நான் அந்த வாசலில் பில்லி சூனியக்காரியாக நின்றிருந்தேன்.

"அப்படியெல்லாம் இல்லம்மா," என்றேன். கதவு சாத்தப்பட்டது. அடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வீட்டில் ஒருவர், "நேத்து வாங்கினதையெல்லாம் இன்னா பண்ண, வித்துட்டியா?" என்று சிரித்தார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். அப்போது ஆஸ்பத்திரியில் தராசில் பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று ஞாபகம் வந்தது. தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எங்க அக்கா பிள்ளை சாகப்போகுது. அவ தொடமாட்டேங்கறா. உங்க துணியில சுத்தினாத்தான் தொடுவாளாம். எனக்கு இதுல நம்பிக்கை இருக்கா இல்லையான்னே தெரியல. பிச்சையா கேக்கறேன். யாராவது குடுங்களேன்."

இவ்வளவையும் சத்தம் போட்டுத்தான் சொன்னேன். கழுத்திலிருந்து கம்பெனி அட்டையைக் கழற்ற மறந்திருந்தேன். அது மடியில் கிடந்து ஆடியது.

போண்டா அக்கா மாவுக்கையோடு வெளியே வந்தார். அவர் போட்டிருந்தது கிளிப்பச்சையில் பெரிய பெரிய ஆரஞ்சுப் பூக்கள் போட்ட நைட்டி.

"இன்னாத்துக்குத் தெருவுல குந்திகினு ஒப்பாரி வெக்கற? எழுந்திரு. இன்னா வேணும், நான் போட்ட துணியா?"

"ஆமாக்கா. அவ பாத்தா உங்களுதுன்னு தெரியணும்."

"அப்போ இதாம்மா. நாலு வருசமா இதைத்தானே போட்டுகினு திரியறேன்? இந்தத் தெரு நாய்கூட இந்த நைட்டியைப் பாத்தா கொலைக்காது." உள்ளே போனார். வேறு உடையில் வந்து அந்த நைட்டியை என் மடியில் போட்டார். சூடு ஆறாமல் இருந்தது. எண்ணெய் வாசனை. பிறகு சாத்திய கதவுகளைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய், குடுங்கடி! உங்க ஜட்டியையா கேக்கறா? உங்களுக்குச் சூனியம் வெச்சு இவளுக்கு இன்னா கெடைக்கப்போகுது, உங்க ஊட்டுக் கடனா?"

யாரோ சிரித்தார்கள். ஒரு கதவு திறந்தது. எல்லாக் கதவும் திறக்கவில்லை. முதலில் சாத்திய வீடு கடைசிவரை சாத்தியேதான் இருந்தது. அவர்களைக் குறைசொல்ல எனக்குத் தோன்றவில்லை. பயம் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கவேண்டுமா?

பள்ளிக்கூடச் சீருடைப் பாவாடை, இஸ்திரிப்பெட்டி சுட்ட தடத்தோடு. நீலக்கட்டம் போட்ட லுங்கி. ஓரம் நைந்த சின்னாளபட்டிச் சேலை. பாய் தன் கடை ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துக் கொடுத்தார். அதன் பாக்கெட்டில் தையல் சாக்பீஸ் தூள் நிரந்தரமாகப் படிந்திருந்தது. "எதுக்கு வெள்ளானூர் வரைக்கும் போற? இங்கயே மிஷின் கீது, குந்தித் தெச்சுக்கோ," என்று எழுந்து இடம் விட்டார்.

எந்த வடிவத்துக்கும் அவை ஒத்துவரவில்லை. நைட்டி வழுக்கியது. லுங்கி முரடு. சேலை கைபட்டாலே பிரிந்தது. இவற்றைச் சதுரமாக வெட்டி ஒன்றோடொன்று தைத்தால் ஒன்று இழுக்க ஒன்று சுருங்கும். தெருவில் கிடைத்த பழைய வேட்டி ஒன்றை அடித்துணியாகப் போட்டேன். நடுவில் ஒரு கோணல் துண்டை வைத்து, அடுத்ததை அதன்மேல் நல்ல பக்கம் உள்ளே போகக் கவிழ்த்து ஓரத்தைத் தைத்து, திருப்பி விரித்து, மிஞ்சியதை வெட்டி, அதன்மேல் அடுத்ததைக் கவிழ்த்து, இப்படியே வெளியே வெளியே போனேன். கல்லூரியில் இதற்குப் பைத்தியக்கார ஒட்டு என்று பெயர். இதை நான் மதித்ததே இல்லை. கோணம் கிடையாது, கணக்குக் கிடையாது. அடித்துணி தாங்குவதால் எந்தத் துணியும் எந்தத் துணியோடும் நிற்கும், அவ்வளவுதான்.

வெட்டும்போது ஒன்றே ஒன்றைப் பார்த்தேன். இது யாருடையது என்று தூரத்திலிருந்து தெரியவேண்டும். பூவைக் குறுக்கே வெட்டவில்லை. சுட்ட தடத்தை விடவில்லை. சட்டைப் பாக்கெட்டைப் பாக்கெட்டாகவே வைத்தேன். பட்டன், கொக்கி எல்லாவற்றையும் அறுத்துப் போட்டேன். பிள்ளையின்மேல் படுகிற பக்கத்துக்கு, பலமுறை துவைத்துப் பஞ்சான வேட்டியே இன்னொரு அடுக்கு. அவசரத்தில் தையல் நேராக ஓடவில்லை. அதைப் பிரிக்க நேரம் இல்லை.

நர்ஸம்மா கொதிக்கவைக்காத துணியை உள்ளே விடமாட்டார். வீட்டுக்கு வந்து அண்டாவில் போட்டேன். சாயம் நிற்குமா என்று சோதிக்காமல் போட்டதில், சேலையின் சிவப்பு இறங்கி வேட்டி முழுக்க ரோஜா நிறமாகிவிட்டது. சாம்பிள் பிரிவில் இப்படிச் செய்திருந்தால் என்னை வெளியே அனுப்பியிருப்பார்கள். சாயம் நிற்கிறவரை தண்ணீரை மாற்றி மாற்றி அலசினேன். மாடியில் காயவைத்து, இரண்டு பக்கமும் சூடாக இஸ்திரி போட்டு, சுத்தமான பையில் கட்டிக்கொண்டு ஓடினேன்.

அக்காவின் முதுகின்மேல் அதைப் போட்டேன். இதற்கும் அவள் திரும்பாவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று யோசித்தேன். அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. வெறும் பச்சைச் சுவர்தான் இருந்தது.

அவள் கை பின்னால் வந்தது. துணியைத் தடவி முன்னால் இழுத்தது.

"இது... போண்டா அக்கா நைட்டியாடி?"

"ஆமா."

"உருவிகினு வந்துட்டியா? அது இன்னாத்தைப் போட்டுக்கும்?"

"வேற மாத்திகிச்சு."

"அது அந்த நைட்டிய யாருக்கும் குடுக்காதே." அவள் மெதுவாகப் புரண்டு மல்லாந்தாள். போர்வையை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "இது பாய் சட்டை. பாக்கெட்டோட... இது மாடி ஊட்டுப் பொண்ணு பாவாடை. அன்னிக்கு நான்தான் சுட்டு வெச்சேன். அவ ஆத்தா என்னைத் திட்டுச்சு." விரல் ஒரு துணியிலிருந்து இன்னொன்றுக்குப் போனது. "நீ எப்படிக் கேட்ட?"

"தெருவுல குந்தி."

"நீயா?"

"நான்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். பிள்ளை பிறந்தபின் அவள் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். பிறகு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். அவள் போட்டிருந்த நைட்டியின் முன்பக்கம் நனைந்திருந்தது. பால் வற்றியிருக்கவில்லை.

மாடியில் நர்ஸம்மா போர்வையைப் புரட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, "என்ன கலர் இது!" என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் வாங்கிக்கொண்டார். அக்காவை நாற்காலியில் சாய்த்தார். பிள்ளையை அதில் சுற்றி எடுத்துவந்து நீட்டியபோது அக்காவின் கைகள் நாற்காலிக் கைப்பிடியை விடவில்லை. நர்ஸம்மா நீட்டியபடியே நின்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது யார் ஊட்டுப் பிள்ளை?" என்றாள் அக்கா. யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.

"தெருப் பிள்ளை," என்றேன். "குடுக்கறாங்க. வாங்கிக்கோ."

வாங்கிக்கொண்டாள். நர்ஸம்மா போர்வையைத் தளர்த்தி, பிள்ளையை அவள் நெஞ்சில் ஒட்டவைத்து, இருவருக்கும் மேலே போர்த்திவிட்டார். ஆரஞ்சுப் பூ ஒன்று பிள்ளையின் முதுகுக்கு நேராக வந்து நின்றது. அது ஏறி இறங்குகிறதா என்று மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறியது. இறங்கியது. அன்றைக்கு எடை ஏறவில்லை, மறுநாளும் ஏறவில்லை. ஆனால் அக்கா கீழே போகவில்லை. அந்த நாற்காலியைவிட்டு அவளைச் சாப்பிட எழுப்புவதே எங்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது.

நான் வராந்தாவுக்கு வந்துதான் அழுதேன். கைக்குட்டை இல்லை. பைக்குள் கைவிட்டபோது அந்த எட்டு முனை நட்சத்திரம் அகப்பட்டது. ஒரு முனை பிசகாமல், தட்டையாக, அப்படியே இருந்தது. அதில் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டேன்.